கல்கத்தாவில் ஓர் ஆட்டம்: 1855

சதுரங்க நூல்களைப் புரட்டுவோர் அவற்றில் திறப்புகளுக்கு வழங்கும் பெயர்களைக் கண்டு வியப்பது உண்டு. சில திறப்புகள் நாட்டின் பெயராலும் நகரின் பெயராலும் வழங்குகின்றன. சில, அவற்றை ஆடிப் புகழ்பெற்றவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இப்பெயர்களுக்கு இடையே 'இந்திய' என்னும் அடைமொழி பூண்ட ஒரு குடும்பமே உள்ளது. அரசனின் இந்தியத் தற்காப்பு, அரசியின் இந்தியத் தற்காப்பு, நிம்சோ-இந்தியத் தற்காப்பு என அக்குடும்பம் கிளைத்துச் செல்கிறது. சதுரங்கம் பிறந்த நாடு இந்தியா ஆதலால் அதைப் போற்றும் வகையில் இப்பெயர் சூட்டப்பட்டது என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வங்காளத்தின் ஊர்ப்புறத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து ஆடிய ஒருவரும், அவரைப் போன்ற வேறு சில இந்திய ஆட்டக்காரர்களும் விட்டுச்சென்ற சுவடே அது. அவர்களுள் முதன்மையானவர் மகேசசந்திர பானர்ஜி. 1855ஆம் ஆண்டில் அவர் ஆடித் தோற்ற ஆட்டம் ஒன்று, சதுரங்க வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது.

இருவகை விதிகள்

அவ்வாட்டத்தை அறிவதற்கு முன், அக்காலத்து இந்தியச் சதுரங்கம் ஐரோப்பியச் சதுரங்கத்திலிருந்து எவ்வாறு வேறுபட்டது என்பதை அறிதல் வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் பாணர் இயற்றிய ஹர்ஷசரிதத்திலேயே சதுரங்கம் பற்றிய குறிப்பு காணப்படுகிறது. இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் சென்ற அவ்விளையாட்டு, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பெரும் மாற்றம் பெற்றது. அரசியும் மந்திரியும் தொலைவு பாயும் ஆற்றல் பெற்றனர். காலாள் தன் முதல் நகர்வில் இரு கட்டம் தாவும் உரிமையும், அரசன் யானையோடு இடம் மாறிக் கோட்டை கட்டிக்கொள்ளும் வழக்கமும் நிலைபெற்றன.

இந்தியாவில் பழைய விதிகள் இடத்துக்கு இடம் வேறுபட்டு நீடித்தன. பொதுவாக நோக்கின், காலாள் ஒவ்வொரு கட்டமாகவே நகர வேண்டும். கோட்டை கட்டுதல் என்பது இல்லை. அதற்கு ஈடாக அரசன் ஆட்டத்தில் ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். காலாள் எதிர்முனையை எட்டினால், அது சென்று சேர்ந்த கட்டத்துக்கு உரிய காயாக மாறும். இவ்விதிகளின் விளைவாக ஆட்டம் மெல்லத் தொடங்கியது. ஐரோப்பியர் முதல் நகர்விலேயே பலகையின் நடுவிடத்தைப் பிடிக்க விரைவர்; இந்தியர் காலாட்களை ஒரு கட்டம் முன்வைத்து, அவற்றின் பின்னே காய்களை ஒழுங்குபடுத்திய பின்னரே போருக்கு எழுவர். குதிரையின் முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, அவ்விடைவெளியில் மந்திரியை அமர்த்தி, பலகையின் மூலைவிட்டம் முழுவதையும் அதன் பார்வைக்குள் கொண்டுவரும் அமைப்பு அவர்களுக்கு இயல்பானதாயிற்று. ஐரோப்பியர் இதனை இத்தாலியச் சொல்லால் 'ஃபியான்கெட்டோ' என்பர். அக்காலத்து ஐரோப்பிய வல்லுநர் பலர் இவ்வமைப்பைத் துணிவற்ற ஆட்டம் என்றே கருதினர்.

இவ்விரு மரபுகளும் சந்திக்கத் தொடங்கிய காலம் அது. 1814ஆம் ஆண்டிலேயே திருவேங்கடாசாரிய சாஸ்திரியார் என்பவர், ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்த சதுரங்க நிலைகளைத் தொகுத்து, வடமொழியிலிருந்து ஆங்கிலமாக்கப்பட்ட நூலாகப் பம்பாயில் வெளியிட்டார். இந்திய அறிஞர் இருவகை விதிகளையும் கற்றுத் தேறும் திறம் பெற்றிருந்தனர் என்பதற்கு அந்நூல் சான்று. எனினும் நூல் ஒரு வகைச் சந்திப்பு. பலகையின் முன் இருவர் நேருக்கு நேர் அமர்வது வேறொரு வகைச் சந்திப்பு. அது நிகழ்வதற்கு மேலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

காக்ரேனும் பானர்ஜியும்

ஜான் காக்ரேன் 1798இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், வழக்கறிஞர். 1821இல் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற 'கஃபே த லா ரெழான்ஸ்' என்னும் காப்பியகத்தில், அக்காலத்தின் தலைசிறந்த பிரெஞ்சு வீரர்களான டெஷாப்பல், லா பூர்தொனே ஆகியோரோடு மோதியவர். 1822இல் சதுரங்கம் பற்றிய ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். 1824இல் இந்தியா வந்து கல்கத்தாவில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1841 முதல் 1843 வரை விடுப்பில் இலண்டனில் தங்கியிருந்தபோது, இங்கிலாந்தின் முதல்வராகத் திகழ்ந்த ஹோவர்ட் ஸ்டாண்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். தாக்குதலையே உயிராகக் கொண்டது அவர் ஆட்டம். காயைப் பலியிட்டு எதிரியின் அரசனை வெட்டவெளிக்கு இழுப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. கல்கத்தாவுக்குத் திரும்பிய பின் அவருக்கு நேர்ந்த குறை ஒன்றே: தமக்கு நிகரான எதிரி அந்நகரில் இல்லை.

அக்குறை 1848இல் தீர்ந்தது. ஊர்ப்புறத்தில் அந்தணர் ஒருவர் இருப்பதாகவும், சதுரங்கத்தில் அவர் எவரிடமும் தோற்றதே இல்லை என்றும் கல்கத்தாச் சதுரங்கக் கழகத்தாருக்குச் செய்தி எட்டியது. அவரைத் தேடிச் சென்று கண்டறிந்தனர். மகேசசந்திர பானர்ஜி காக்ரேனின் எதிரே அமர்ந்த வரலாறு இதுவே. தொடக்கத்தில் வென்றவர் காக்ரேன்தான். ஆயினும் எதிரே இருந்தவரின் இயற்கையான ஆற்றல் அவரை வியக்க வைத்தது. 1850இல் இலண்டனிலிருந்து வெளிவந்த சதுரங்க இதழில் கல்கத்தாக் கழகத்தார் ஒருவர் எழுதிய மடல் இச்செய்திகளைத் தெரிவிக்கின்றது. அதன் பின்னர்ப் பத்தாண்டுக்கு மேலாக இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர்.

காக்ரேனின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக எழுத முடிகிறது. பானர்ஜியின் வாழ்க்கைக்கு அவர் ஆடிய ஆட்டங்களே சான்று. அவரது பெயரே கூட ஆங்கில ஏடுகளில் ஒரு நிலையில் நில்லாது 'மொகேஷுந்தர்', 'மொகிஷுந்தர்', 'மகேசசந்திர' எனப் பலவாறு எழுதப்பட்டுள்ளது. 'பந்த்யோபாத்யாயர்' என்னும் குடிப்பெயரே ஆங்கிலேயர் நாவில் 'பானர்ஜி' ஆயிற்று. ஆட்டத்தைப் பதிந்த கைகள் அவர் பெயரைப் பதிவதில் அதே கவனத்தைச் செலுத்தவில்லை.

ஆட்டத்தின் தொடக்கம்

1855ஆம் ஆண்டு, கல்கத்தா. காக்ரேன் வெள்ளை, பானர்ஜி கறுப்பு.

காக்ரேன் அரசியின் முன்னுள்ள காலாளை இரு கட்டம் நகர்த்தித் தொடங்கினார். இதற்கு விடையாகத் தாமும் அவ்வாறே செய்து, காலாளுக்கு எதிரே காலாளை நிறுத்துவதே அக்காலத்து ஐரோப்பிய வழக்கு. பானர்ஜி அவ்வாறு செய்யவில்லை. அரசன் பக்கக் குதிரையை வெளியே கொணர்ந்தார். காக்ரேன் சி-வரிசைக் காலாளையும் இரு கட்டம் முன்னேற்றினார். பானர்ஜி தம் மரபின் வழியே ஜி-வரிசைக் காலாளை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். காக்ரேன் குதிரையை வெளிக்கொணர்ந்து நடுவிடத்தை மேலும் வலுப்படுத்தினார்.

மூன்றாவது நகர்வில் கறுப்பு செய்ததே இவ்வாட்டத்தை வரலாற்றில் நிறுத்தியது. ஒதுங்கியிருந்து மந்திரியை மூலையில் அமர்த்தப் போகின்றவர் போலத் தோன்றிய பானர்ஜி, திடீரென அரசியின் காலாளை இரு கட்டம் செலுத்தி வெள்ளையின் நடுவிடத்தோடு நேரே மோதினார். மெல்ல நகரும் இந்திய அமைப்பும், விரைந்து மோதும் ஐரோப்பிய வழக்கும் ஒரே நகர்வில் இணைந்தன. இரு கட்டம் பாயும் காலாளின் உரிமை அவர் மரபு தந்ததன்று. அவர் புதிதாகக் கற்றது. மூலையில் அமரும் மந்திரியோ புதிதாகக் கற்றதன்று. அவர் மரபு தந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் துணிவு மட்டும் அவருக்கே உரியது.

தொடர்ந்த நகர்வுகள் இது தற்செயலாக நிகழ்ந்ததன்று என்பதைக் காட்டுகின்றன. வெள்ளை அரசனின் காலாளை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தியது. கறுப்பின் மந்திரி மூலையில் அமர்ந்தது. வெள்ளையின் இரண்டாவது குதிரை வெளியே வந்தது. கறுப்பு கோட்டை கட்டிக்கொண்டது. ஆறாவது நகர்வில் காக்ரேன் நடுவிடத்துக் காலாளை வெட்டினார். பானர்ஜி குதிரையால் அதைத் திரும்ப வெட்டினார். அடுத்த நகர்வில் அக்குதிரையை வெள்ளைக் குதிரைக்கு மாற்றிக்கொண்டார். உடனே சி-வரிசைக் காலாளை முன்செலுத்தி, வெள்ளையின் நடுவிடத்தைப் பக்கத்திலிருந்து தாக்கினார்.

இதன் உட்பொருள் எளியது, ஆழமானது. நடுவிடத்தை எதிரிக்கே விட்டுக்கொடு. அவன் அங்கே கட்டடம் எழுப்பட்டும். எழுப்பிய கட்டடத்தைக் காக்கும் பொறுப்பும் அவனையே சாரும். மூலையில் அமர்ந்த மந்திரி தொலைவிலிருந்து அதைக் குறிவைக்கும். சி-வரிசைக் காலாள் அதன் அடித்தளத்தை அசைக்கும். நடுவிடத்தைக் கைப்பற்றுதல் வேறு, ஆளுதல் வேறு என்னும் இக்கருத்தை ஐரோப்பிய நூல்கள் ஏற்றுக்கொள்வதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின. இன்றும் இத்திறப்பைக் கற்பிப்போர் கூறும் முதன்மை நோக்கங்கள் இவையே: நடுவிடத்தோடு மோதுதல், குதிரைகளை மாற்றுதல், சி-வரிசைத் தாக்குதல், மூலை மந்திரியின் பார்வை. 1855இல் கல்கத்தாவில் இந்நான்கும் வரிசை மாறாமல் பலகையின் மீது வந்துவிட்டன.

ஆட்டத்தின் முடிவு

பத்தாவது நகர்வு முடிகையில் கறுப்பின் நிலையில் குறையேதும் இல்லை. கறுப்பின் மற்றொரு குதிரை வெளியே வந்துவிட்டது. அடுத்த நகர்வில் இரண்டாவது மந்திரியும் ஜி4 கட்டத்தில் வந்து அமர்ந்தது. இருவரும் தத்தம் யானையைத் திறந்த சி-வரிசைக்குக் கொண்டுவந்தனர். தவறு அதன் பின்னரே நேர்ந்தது.

பதின்மூன்றாவது நகர்வில் பானர்ஜி அரசியை வெளியே செலுத்தினார். காக்ரேன் தம் அரசியை பி3 கட்டத்தில் நிறுத்தினார். அங்கிருந்து அவ்வரசியின் பார்வை மூலைவிட்டமாக, கறுப்பு அரசனின் அருகேயுள்ள எஃப்7 கட்டம் வரை சென்றது. அக்கட்டத்தை அதுவரை காத்தவர் இருவர்: அரசனும், அவன் பக்கத்தில் நின்ற யானையும். இந்நிலையில் பானர்ஜி அந்த யானையை ஒரு கட்டம் நகர்த்தி, வெள்ளை மந்திரியின் பார்வைக்குள் இருந்த நடுக் காலாளுக்குத் துணையாக நிறுத்தினார். அமைதியான நகர்வு, காரணமும் உடையது. ஆனால் அந்நகர்வு எஃப்7 கட்டத்தின் காவலைப் பாதியாக்கியது; அத்தோடு அரசன் தப்பிச் செல்லும் வழியையும் யானையைக் கொண்டே அடைத்தது.

காக்ரேன் தம் யானையால் கறுப்பு அரசியை விரட்டத் தொடங்கினார். யானை சி5 கட்டத்துக்கு ஏறியது, அரசி விலகினாள். யானை பி5 கட்டத்துக்குத் திரும்பியது. அரசி புறப்பட்ட இடத்துக்கே மீண்டாள். வெளியே வந்து திரும்பியதில் பயன் ஒன்றும் இல்லை. பதினேழாவது நகர்வில் காக்ரேனின் குதிரை ஜி5 கட்டத்துக்குப் பாய்ந்தது. எஃப்7 கட்டத்தை இப்போது அரசியும் குதிரையும் ஒருங்கே தாக்கின.

குதிரை அகன்றதால் வெள்ளையின் மந்திரி ஒன்று கறுப்பு மந்திரியின் வழியில் வெட்டப்படும் நிலையில் இருந்தது. பானர்ஜி அதை வெட்டினார். வெட்டிய மந்திரி வெள்ளையின் இரண்டு யானைகளையும் ஒரே நேரத்தில் தாக்கியது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்போர்க்குக் கறுப்பே முந்துவதாகத் தோன்றும். காக்ரேன் யானைகளைப் பொருட்படுத்தவில்லை. குதிரையால் எஃப்7 காலாளை வெட்டினார். அக்குதிரை கறுப்பு அரசியையும் தாக்கியது. பானர்ஜி தம் குதிரையை ஏ5 கட்டத்துக்குச் செலுத்தி, வெள்ளை அரசியை எதிர்த்துத் தாக்கினார். தாக்குதலுக்குத் தாக்குதலே விடை என்னும் துணிவு அது. ஆனால் அந்த நிலையில் அரசியைத் தாக்குவதற்கு நேரம் இல்லை.

எஃப்7 கட்டத்தில் நின்ற குதிரை எச்6 கட்டத்துக்குத் தாவியதும், அதன் பின்னிருந்த அரசியின் வழி திறந்தது. குதிரையும் அரசியும் ஒரே கணத்தில் அரசனை முற்றுகையிட்டன. இரட்டை முற்றுகைக்கு அரசன் நகர்வது ஒன்றே வழி. அரசன் மூலைக்கு ஒதுங்கினால், அரசி அவன் அருகிலேயே வந்து தன்னைப் பலியிடுவாள். அவளை யானை வெட்டியே ஆக வேண்டும். வெட்டிய யானை அரசனின் கடைசி வழியையும் அடைத்துவிடும். குதிரை மீண்டும் எஃப்7 கட்டத்துக்குத் தாவ, தன் படையாலேயே சூழப்பட்ட அரசன் மூச்சுத்திணறி வீழ்வான். பதினெட்டாவது நகர்வுக்குப் பின் மூன்றே நகர்வில் முடியும் இறுதி முற்றுகை இது.

ஆட்டத்தை ஆராய்வோர் இங்கு ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பானர்ஜி தோற்றது திறப்பினால் அன்று. பத்து நகர்வு வரை அவர் கண்ட வழி சரியானது. பதினான்காவது நகர்வில் யானையை இடம் மாற்றியதே வீழ்ச்சிக்கு வித்திட்டது. ஆனால் ஆட்டங்களைத் தொகுப்போர் முடிவையே முதலில் பார்ப்பர். தோற்றவர் கையாண்ட வழியும் தோற்றதாகவே கணக்கில் எழுதப்படும். அழகிய இறுதி முற்றுகை காக்ரேனின் புகழில் சேர்ந்தது. மூன்றாவது நகர்வு எவர் கணக்கிலும் சேரவில்லை.

பானர்ஜி எப்போதும் தோற்றவர் என்று எண்ணுதலும் தவறு. அதே காலத்தில் இருவரும் ஆடிய மற்றோர் ஆட்டத்தில் காக்ரேன் நான்கு காலாட்களை நடுவே முன்னேற்றிப் பெருஞ்சுவர் எழுப்பினார். இன்று அரசனின் இந்தியத் தற்காப்பு என வழங்கும் அமைப்பில் நின்ற பானர்ஜி, ஒன்பதாவது நகர்வில் குதிரையைப் பலியிட்டு அச்சுவரைப் பிளந்தார். அடுத்துத் தம் அரசி தாக்கப்பட்டபோதும் விலகவில்லை. அவளை வெட்ட விட்டு, இரண்டே நகர்வில் வெள்ளை அரசியை வெட்டி ஈடு செய்தார். அவ்வாட்டத்தில் வென்றவர் பானர்ஜியே. துணிவற்ற ஆட்டம் என்று ஐரோப்பியர் கருதிய அமைப்பினுள் எத்துணைத் தீ மறைந்திருந்தது என்பதை அது காட்டியது.

பெயர் வந்த வழி

இனிப் பெயர்களின் கதைக்கு வரலாம். 1848இல், இருவரும் ஆடத் தொடங்கிய ஆண்டிலேயே, பெட்ரோவ் தற்காப்பைக் கையாண்ட பானர்ஜிக்கு எதிராகக் காக்ரேன் நான்காவது நகர்விலேயே எஃப்7 கட்டத்தில் ஒரு குதிரையைப் பலியிட்டார். அம்முறை இன்றளவும் 'காக்ரேன் காம்பிட்' என்றே நூல்களில் வழங்குகிறது. 1999இல் லினாரஸ் போட்டியில் வெசலின் டோபலோவ் விளாதிமிர் கிராம்னிக்குக்கு எதிராக அதை ஆடியபோதும் அப்பெயரே சொல்லப்பட்டது. ஒரே பலகை, இரு பக்கத்தில் இருவர். வெள்ளையின் கண்டுபிடிப்பு அதை ஆடியவரின் பெயரைப் பெற்றது. கறுப்பின் கண்டுபிடிப்போ அதை ஆடியவரின் நாட்டுப் பெயரையே பெற்றது.

இதைச் சூழ்ச்சி என்று சொல்வது நேர்மையாகாது. நாட்டுப் பெயரால் திறப்பை அழைப்பது பொதுவழக்கே. 1834இல் பாரிஸ் கழகத்தார் இலண்டன் கழகத்தாரோடு மடல் வழியே ஆடிய போட்டியால் பிரெஞ்சுத் தற்காப்பு அப்பெயர் பெற்றது. பானர்ஜியைத் தேடிக் கண்டதும், அவர் ஆட்டங்கள் அச்சேறக் காரணமானதும் காக்ரேனும் அவர் சார்ந்த கழகமுமே. அவர்கள் இல்லையேல் ஊர்ப்புறத்தில் தோல்வியறியாதிருந்த எத்தனையோ பேரைப் போலப் பானர்ஜியும் சுவடின்றி மறைந்திருப்பார். எனினும் ஆவணத்தைக் கையில் வைத்திருப்பவர் பக்கமே பெயரும் சாய்கிறது என்னும் உண்மை அதனால் மாறிவிடவில்லை.

1922இல் அடுத்த பெயர் வந்தது. வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கிரூன்ஃபெல்ட், மூன்றாவது நகர்வில் அரசியின் காலாளை இரு கட்டம் செலுத்தும் அதே முறையைப் போட்டிகளில் ஆடினார். அவ்வாண்டே வியன்னாவில் அலெக்சாந்தர் அலெகைனை அம்முறையால் வென்றார். கல்கத்தா ஆட்டத்துக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1893இல் பிறந்தவர் அவர். இளமையிலேயே ஒரு காலை இழந்த அவர், ஓயாத உழைப்பால் திறப்புகளின் களஞ்சியம் எனப் பெயர் பெற்றார். அம்முறையைத் தொடர்ந்து ஆடி, ஆராய்ந்து, பிறர் பின்பற்றும் ஒழுங்கான திறப்பாக்கியவர் அவரே. ஆதலால் 'கிரூன்ஃபெல்ட் தற்காப்பு' என்னும் பெயரைப் பொய்ப்பெயர் என்று தள்ளுதலும் ஆகாது. ஒருவர் வழியைக் கண்டார். மற்றொருவர் அதைப் பலரும் நடக்கும் பாதையாக்கினார். வருத்தத்துக்குரியது ஒன்றே: பாதையின் பெயர்ப்பலகையில் முதலாமவருக்கு இடமில்லை.

அதே ஆண்டுகளில் நிம்சோவிச், ரேட்டி, டார்டகோவர் முதலியோர், நடுவிடத்தைத் தொலைவிலிருந்து ஆளலாம் என்னும் கொள்கையைப் புதுமையென முழங்கினர். மூலை மந்திரி பெருவழக்காயிற்று. 1934இல் பிரித்தானியச் சதுரங்கத்தின் நூற்றாண்டு வரலாற்றை எழுதிய பிலிப் சார்ஜன்ட், இந்தியத் தற்காப்புகளை ஐரோப்பியருக்குப் பெரிதும் கற்பித்தவர்கள் மகேசசந்திரரும் பிற இந்தியருமே என்றும், அவ்வமைப்பு அவர்களது சொந்த ஆட்டமரபின் சொத்து என்றும் வெளிப்படையாக எழுதினார். அவர் அவ்வாறு எழுதியதற்குக் கண்முன் ஒரு காரணமும் இருந்தது. பஞ்சாபில் இந்திய விதிகளின்படி சதுரங்கம் கற்று, பின்னர் ஐரோப்பிய விதிகளைப் பயின்ற மீர் சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரித்தானிய வாகையராக விளங்கினார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபபிளாங்காவையே வென்றார். அவரும் மூலை மந்திரியை விரும்பியவர். 1966இல் மறைந்த அவருக்குப் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல்தான். ஏட்டில் விடுபட்டதைச் சேர்ப்பதற்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவது நகர்வின் வழித்தோன்றல்

அந்த மூன்றாவது நகர்வு அதன் பின் நெடுந்தொலைவு பயணம் செய்தது. 1956இல் நியூயார்க்கில் பதின்மூன்று வயதுச் சிறுவன் பாபி ஃபிஷர், டொனால்ட் பிர்ன் என்பவரை வென்று 'நூற்றாண்டின் ஆட்டம்' எனப் போற்றப்பட்ட வெற்றியைப் பெற்றது இத்திறப்பின் வழியே. 1986, 1987ஆம் ஆண்டுகளில் உலக வாகைக்காகக் கார்போவோடு மோதிய காஸ்பரோவ், கறுப்புக் காய்களோடு இதையே படைக்கலமாகக் கொண்டார்.

2010ஆம் ஆண்டு ஏப்ரலில், பல்கேரியத் தலைநகர் சோபியாவில் உலக வாகைப் போட்டியின் முதல் ஆட்டம் நடந்தது. வெள்ளை டோபலோவ், கறுப்பு சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதன் ஆனந்த். ஆனந்த் ஆடியது இதே கிரூன்ஃபெல்ட் தற்காப்பு. இருபத்து மூன்றாவது நகர்வில் அரசனை நகர்த்தியதில் பிழை நேர்ந்தது. அடுத்த நகர்விலேயே டோபலோவ் குதிரையைப் பலியிட்டு அரசனை வெளியே இழுத்தார். முப்பது நகர்வில் ஆட்டம் முடிந்தது. கல்கத்தா ஆட்டத்துக்கு நூற்றைம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே திறப்பில், மீண்டும் அரசனின் அருகே ஒரு குதிரைப் பலியால் இந்தியர் ஒருவர் தோற்றார். ஆனால் ஆனந்துக்கு அடுத்த ஆட்டம் இருந்தது, அதில் வென்றார். இறுதியில் ஆறரைக்கு ஐந்தரை என்னும் கணக்கில் வாகையையும் காத்துக்கொண்டார். தோற்ற ஆட்டமும் அவர் பெயராலேயே ஏட்டில் நிற்கிறது. எழுத்துப் பிழையின்றி நிற்கிறது.

தமிழ்ப் புலவர் வரிசையில் இயற்பெயர் அறியப்படாத சிலர் உண்டு. அவர்கள் பாடிய உவமையோ தொடரோ அவர்களுக்குப் பெயராகி, செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் நிலைபெற்றுள்ளனர். பாடியவரைத் தொகுத்தவர் அறியவில்லை. அறியாத நிலையிலும், பாட்டுக்குள்ளிருந்தே ஒரு பெயரை எடுத்து அவருக்கு அளித்தனர். ஆக்கத்தை ஆக்கியவரிடமிருந்து பிரிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சதுரங்க ஏடுகளைத் தொகுத்தவர்களுக்கு ஆடியவர் பெயர் தெரிந்தே இருந்தது. அவர்கள் அதை விடுத்து நாட்டின் பெயரைச் சூட்டினர்.

பலகையில் இன்றும் எவரேனும் மூன்றாவது நகர்வில் அந்தக் காலாளை இரு கட்டம் முன்செலுத்தும்போது, வியன்னாவின் பெயரைச் சொல்லுதல் வழக்கு. அது நீடிக்கட்டும். அதனோடு கல்கத்தாவையும், 1855ஐயும், தோற்ற பக்கத்தில் அமர்ந்திருந்த மகேசசந்திர பானர்ஜியையும் சேர்த்துச் சொல்லுதல் கடன்.